மாஃபான்னா என்ன தெரியுமா?

'மாஃபா' பாண்டியராஜன். இந்தப் பேரை நியூஸ்ல கேட்டிருப்பீங்க. 2011-ல விருதுநகர் எம்.எல்.ஏ., 2016-ல ஆவடி எம்.எல்.ஏ., அப்புறம் அமைச்சர். 'மாஃபா'ங்கிறது அவரோட சொந்த ஊர்னு நான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். இல்லையாம். அது அவர் ஆரம்பிச்ச கம்பெனியோட பேர். பிரெஞ்சு வார்த்தை, 'என் நம்பிக்கை'ன்னு அர்த்தம்.

அந்தக் கம்பெனி என்ன தயாரிச்சது? ஒண்ணுமே இல்லை. மத்த கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்தது, அந்த ஆட்களுக்குச் சம்பளம் போட்டது. இது ஒரு பிசினஸான்னு கேட்காதீங்க. பிளேஸ்மென்ட்ல உட்காரப்போற நாம கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய பிசினஸ் இதுதான்.

பாண்டியராஜன் 1959-ல சிவகாசி பக்கத்துல விளாம்பட்டியில பிறந்தவர். அப்பா சின்ன வயசுலயே இறந்துட்டார். சிறுவனா இருக்கும்போதே தீப்பெட்டி ஆலையில வேலை பார்த்திருக்கார். அப்புறம் கோவை பி.எஸ்.ஜி. டெக்ல இன்ஜினியரிங், ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.ல மேலாண்மைப் படிப்பு. 1992-ல மனைவி லதாவோட சேர்ந்து 60,000 ரூபாய் முதல்ல மாஃபாவை ஆரம்பிச்சார். 2004-ல நெதர்லாந்தோட வெடியோர் நிறுவனம் அதுல பங்கு வாங்குச்சு. 2008-ல வெடியோரை ராண்ட்ஸ்டாட் வாங்கிடுச்சு. இன்னொரு பக்கம், அறக்கட்டளை மூலமா பிள்ளைகளோட படிப்புக்கு உதவியிருக்கார்.

சரி, சம்பளம் போடுறதுல அப்படி என்ன கஷ்டம்? நம்ம திருப்பூரையே எடுத்துக்கோங்க. பனியன் கம்பெனியில சனிக்கிழமை சம்பளம். டைலருக்குப் பீஸ் ரேட், செக்கிங்க்கு ஷிப்ட் கணக்கு. ஒருத்தர் ஒன்றரை ஷிப்ட் பார்த்திருப்பார், இன்னொருத்தர் நடுவுல லீவு போட்டிருப்பார். முன்னூறு பேர் இருந்தா முன்னூறு கணக்கு. அதுக்கு மேல பிடித்தம் வேற. மாசம் மொத்தச் சம்பளம் 14,000, அதுல அடிப்படைச் சம்பளம் 12,000-ன்னு வைங்க. பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 105. கைக்கு வர்றது 12,455. முதலாளியும் தன் பங்குக்கு பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் கட்டணும்.

இதைப் போடுற அக்கவுண்டன்ட்டுக்குக் காய்ச்சல் வந்தா? அமெரிக்காவுல பாட்டர்சன்னு ஒரு ஊர். நம்ம பனியன் மாதிரி அவங்களுக்குப் பட்டு. அங்க ஹென்றி டாப்ங்கிற இளம் அக்கவுண்டன்ட் ஒரு கம்பெனிக்குப் போனப்ப, கணக்குப் போடுறவர் படுத்துட்டதால சம்பளம் தாமதமானதைப் பார்த்தார். இந்த வேலையை நாமளே எல்லாருக்கும் செஞ்சு கொடுத்தா என்னன்னு 1949-ல ஒரு நிறுவனம் தொடங்கினார். அப்ப அவருக்குக் கிட்டத்தட்ட நம்ம வயசு. அதுதான் இன்னைக்கு ஏ.டி.பி., உலகத்தோட பெரிய சம்பளக் கணக்கு நிறுவனங்கள்ல ஒண்ணு.

மாஃபா மாதிரி நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேல போனாங்க. ஆளையே தங்களோட சம்பளப் பட்டியல்ல வச்சுக்கிட்டு வேற கம்பெனிக்கு வேலைக்கு அனுப்புறாங்க. 'தேர்ட் பார்ட்டி பேரோல்'னு சீனியர்ஸ் சொல்றது இதைத்தான். இன்டர்வியூ எடுத்தது ஒரு பெரிய கம்பெனி, ஆஃபர் லெட்டர்ல இருக்கிறது வேற பேர். பயப்பட வேண்டாம், இது சட்டப்படி நடக்கிற விஷயம்தான். ஆனா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. பி.எஃப்., இ.எஸ்.ஐ. யார் கட்டுவாங்க? ஒப்பந்தம் எத்தனை மாசம்? நிரந்தரமாக்க வாய்ப்பு இருக்கா? ஒப்பந்தக்காரர் சம்பளம் தராம விட்டா, வேலை வாங்குற கம்பெனிதான் தரணும்ங்கிறது 1970-ஆம் வருஷச் சட்டத்துல இருந்தே இருக்கிற விதி. இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இதை நான் ஏன் இவ்வளவு சொல்றேன்னா, எங்க அம்மா செக்கிங் வேலை பார்க்கிறாங்க. என்னோட ரெண்டாம் வருஷ ஃபீஸுக்காக பி.எஃப். பணம் எடுக்கப் போனோம். பழைய கம்பெனியில பதினாலு மாசம் பிடிச்ச பணம் பாஸ்புக்ல இல்லவே இல்லை. அம்மா ஒவ்வொரு வார சம்பளத்தையும் பிடித்தத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க. அந்த நோட்டையும் சம்பளச் சீட்டையும் வச்சுத்தான் புகார் கொடுத்தோம். பாதிப் பணம் வந்திருக்கு. மீதிக்கு இன்னும் அலையுறோம்.

பாஸ்புக் பார்க்கிறது ரொம்ப ஈஸி. யு.ஏ.என். நம்பரோட இணைச்ச மொபைல்ல இருந்து 99660 44425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தா, கடைசியாக் கட்டின தொகையும் இருப்பும் எஸ்.எம்.எஸ்.ல வரும். உமங் ஆப்லயும் பார்க்கலாம்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு ஃபோன் பண்ணும்போது அம்மாகிட்டயோ அப்பாகிட்டயோ சொல்லி ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்க. நாங்க ரெண்டு வருஷம் முன்னாடியே இதைச் செஞ்சிருந்தா, பதினாலு மாசம் வரைக்கும் போயிருக்காது.