எட்டணா வலி

“எப்படி இருக்கீங்கம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“பரவால்ல தாயி, நல்லாருக்கேன்” என்றாள் அம்மா.

டாக்டர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். வெளியே அடுத்த பெயரை அழைத்துவிட்டார்கள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். முழுதாக இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

அதற்கு முந்தைய இரண்டு நாளும் அம்மா ஒரு வாய்க் கஞ்சி குடிக்கவில்லை. எச்சிலை விழுங்கப் பயந்து, மடியில் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டே இருந்தாள். ராத்திரி தூக்கம் கிடையாது. “ஏம்மா ஒண்ணுமே சொல்லல?” என்றேன். “ஏட்டி, அவுகளுக்கு ஆயிரம் சோலி. வெளிய எத்தன பேரு நிக்காகன்னு பாத்தியா? நாம வேற போட்டுப் பிடுங்கணுமாக்கும்” என்றாள்.

நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற டீச்சர். மருத்துவம் தெரியாது. அம்மா பாளையங்கோட்டையில் முப்பது வருடம் பூ விற்றவள். அந்த முப்பது வருடமும் வலது கன்னத்தில் வெற்றிலையோடு புகையிலையை அதக்கி வைத்திருந்தவள். அதக்கிய இடத்திலேயே புண் வந்தது. ஆபரேஷன் முடிந்ததும், மறுபடி வராமல் இருக்க 30 தடவை கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ என்று முடிவானது. எங்கள் பக்கம் கதிர்வீச்சுக்குக் ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் பெயர். வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு விடுமுறை, ஆக ஆறு வாரம். கட்டியை எப்படி எடுப்பார்கள், கரண்ட் எந்தத் திசையிலிருந்து வரும் என்பதையெல்லாம் படம் போட்டு விளக்கினார்கள். அந்த ஆறு வாரத்தில் அம்மாவின் வாய்க்கும் வயிற்றுக்கும் தூக்கத்துக்கும் என்னவாகும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் வாய்க்குள் தோல் உரிந்தது. நோய் பரவிவிட்டது என்று நினைத்துப் பதறினோம். அப்படியில்லை. வாயின் உள்தோல் ஓயாமல் உரிந்து புதிதாக வளர்ந்துகொண்டே இருப்பது. வேகமாக வளர்கிற செல்களைத்தான் கதிர்வீச்சு முதலில் பிடிக்கும். அது புற்றுநோய்ச் செல்லா, கன்னத்துத் தோலா என்று பார்ப்பதில்லை. அதனால் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் புண் தொடங்கி, கடைசி வாரங்களில் உச்சத்துக்குப் போய், சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஆறும். இதை முதல் நாளே யாராவது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் எங்களுக்கு மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

அந்த மூன்று நாள் கதை இதுதான். புண் ஆறட்டும், அப்புறம் போகலாம் என்று நாங்களாகவே திங்கள், செவ்வாய், புதன் போகாமல் இருந்துவிட்டோம். ஏன் வரவில்லை என்று யாரும் போன் செய்து கேட்கவுமில்லை. வியாழக்கிழமை போனபோது கரண்ட் மெஷினை இயக்குகிற தம்பிதான் தலையில் அடித்துக்கொண்டார். நாம் ஓய்வெடுக்கிற நாளில் மிச்சமிருக்கிற புற்றுநோய்ச் செல்கள் ஓய்வெடுப்பதில்லை, பெருகுகின்றன. தலை, கழுத்துப் புற்றுநோயில் கதிர்வீச்சு ஒரு நாள் தள்ளிப்போனால், நோய் கட்டுக்குள் வரும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதமோ அதற்குச் சற்று மேலோ குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கணக்கு டீச்சருக்கு மூன்று நாளைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்ப்புண்ணுக்கு மருந்து கொடுப்பதை நான் அதுவரை ஆறுதல் சமாசாரம் என்று நினைத்திருந்தேன். புண்ணைத் தாங்க முடிந்தால்தான் நோயாளி மறுநாள் வருவார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

டாக்டரிடம் அம்மா ‘பரவால்ல’ சொன்னது அதற்கு அடுத்த வாரம். அன்று மதியம் கீமோ ஏற்றுகிற வார்டில் இருந்த சிஸ்டர் ஒரு அட்டையை நீட்டினார். பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள், மேலே சிரிக்கிற முகமும் அழுகிற முகமும். “வலிக்கு எத்தன மார்க் பாட்டி?” அம்மா என்னைக் காட்டி, “மார்க்கெல்லாம் இவதான் போடுவா” என்றாள். சிஸ்டர் அட்டையைக் கீழே வைத்தார்.

“சரி ஆச்சி. தாங்கவே முடியாத வலின்னா முழு ரூவா. வலியே இல்லன்னா சல்லிக்காசு கிடையாது. இப்ப எத்தன அணா வலிக்கு?”

அம்மா யோசித்தாள். காசு விஷயத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். “பன்னெண்டணா இருக்கும்” என்றாள்.

சிஸ்டர் உடனே டாக்டரைப் போய்ப் பார்த்தார். எங்களிடம், “எட்டணாவுக்கு மேல போனா மறுநாள் வரைக்கும் காத்திருக்கப்படாது, வார்டு நம்பருக்குக் கூப்பிடணும்” என்றார். அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். வலி எத்தனை அணா, எத்தனை தடவை வாந்தி, எத்தனை டம்ளர் உள்ளே போனது, மலம் போனதா, தூங்கினாளா, காய்ச்சல், எடை. அடுத்த முறை டாக்டர் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டபோது அம்மா வாயைத் திறக்குமுன் நோட்டை மேஜையில் வைத்தேன். அவர் அதைப் படித்தார். படித்த பிறகு ஐந்து கேள்வி கேட்டார்.

நோட்டுப் போடுவது என் கண்டுபிடிப்பு என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈதன் பாஷ் என்ற டாக்டரின் குழு இதைச் சோதனையாகவே செய்து முடித்திருந்தது. முற்றிய புற்றுநோய் வந்து கீமோ எடுத்துக்கொண்ட 766 பேர். ஒரு பகுதியினர், வழக்கமாக வருகிற 12 தொந்தரவுகள் எப்படியிருக்கின்றன என்று கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டே இருந்தார்கள்; கடுமையாகப் போனால் நர்ஸுக்குத் தகவல் போகும். மற்றவர்கள் வழக்கம்போல டாக்டரைப் பார்க்கும்போது சொன்னார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, பதிந்தவர்கள் வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு 31 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். புது மருந்து எதையும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்பது உரியவர் காதுக்கு உரிய நேரத்தில் போனது, அவ்வளவுதான்.

நோட்டு வந்த பிறகு எல்லாம் வரிசையாக நடந்தன. உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு தடவ மரத்துப்போகச் செய்யும் ஜெல் ஒன்று தந்தார்கள். நாக்கில் தயிர் மாதிரி படிந்திருந்த வெள்ளை, பூஞ்சைத் தொற்று என்று கண்டுபிடித்தார்கள்; அதற்கு மாத்திரை கொடுத்ததும் எரிச்சல் பாதியானது. நான் அதைத் தினமும் பார்த்துக் கஞ்சிதான் ஒட்டியிருக்கிறது என்று துடைத்துக்கொண்டிருந்தவள்.

எடை ஆறு கிலோ இறங்கியிருந்ததால் மூக்கு வழியாகக் குழாய் வைத்தார்கள். குழாய் என்றதும் வீட்டில் ஒப்பாரிதான். எனக்கு அது பெரிய நிம்மதி. கேழ்வரகுக் கஞ்சி, பால், வேகவைத்த முட்டை, பருப்பு எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சிரிஞ்சில் ஊற்றுவேன். நிமிர்ந்து உட்காரவைத்துத்தான் ஊற்ற வேண்டும், ஊற்றிய பிறகும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, கடைசியில் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். ஒருமுறை வடிகட்டாமல் ஊற்றிக் குழாய் அடைத்துக்கொண்டு, இரவு பத்து மணிக்கு ஆட்டோ பிடித்தது தனிக் கதை.

வாந்திக்கு எழுதிக் கொடுத்ததில் ஓலான்சபின் என்று ஒரு மாத்திரை. மெடிக்கல் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “வீட்டுல யாருக்கும்மா மனசு சரியில்ல?” என்றார். மனநோய்க்கான மருந்துதான் அது. வாந்தியையும் நன்றாக அடக்கும் என்று தெரியவந்து இப்போது உலகமெங்கும் கொடுக்கிறார்கள். அதில் தூக்கக் கலக்கம்தான் தொல்லை. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை டாக்டர்கள், வழக்கமான 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராம் கொடுத்தாலே வாந்தி அடங்குகிறது, கலக்கமும் குறைகிறது என்று 2024இல் வெளியிட்டார்கள். மாத்திரையின் பெயரைவிட முக்கியமானது அதைப் போடும் நேரம். கீமோ உள்ளே போனதும் குடல் செல்கள் செரடோனின் என்ற பொருளைக் கக்குகின்றன. அது நரம்பைத் தட்டி மூளைக்குச் சேதி அனுப்புகிறது. 1990களின் தொடக்கத்தில் வந்த ஆன்டன்செட்ரான் வகை மருந்துகள் அந்தச் சேதியை வழியிலேயே மறிக்கின்றன. சேதி போய்ச் சேர்ந்த பிறகு மறித்துப் புண்ணியமில்லை. சிஸ்பிளாட்டினில் இரண்டாவது, மூன்றாவது நாளிலும் குமட்டல் வரும் என்பதால், வாந்தி வராத நாளிலும் கொடுத்த மாத்திரையைப் போட்டே தீர வேண்டும். “வாந்தி வரலியே, எதுக்கு மாத்திர?” என்று இரண்டு முறை ஒளித்துவைத்துவிட்டு அம்மா மாட்டிக்கொண்டாள்.

வலிக்கு மார்ஃபின் என்று டாக்டர் சொன்னதும் என் அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். “அது கடைசி மாத்திரைலா? போதை மருந்துலா?” அவனைக் குறை சொல்ல முடியாது. நாடே அப்படித்தான் நினைத்திருந்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் செடி பயிராகிறது. அதிலிருந்துதான் மார்ஃபின் வருகிறது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, மருத்துவமனைகள் அதை வாங்கப் பல துறைகளிடம் பல உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. வம்பு வேண்டாம் என்று பல இடங்களில் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். அபின் விளைகிற நாட்டில் புற்றுநோயாளிகள் பாராசிட்டமாலோடு அலறிக்கொண்டு கிடந்தார்கள். உலக சுகாதார நிறுவனமோ 1986லேயே, புற்றுநோய் வலிக்கு மருந்தை முடிந்தவரை வாய்வழியாக, கடிகாரம் பார்த்து, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாகக் கொடுங்கள் என்று வழிகாட்டியிருந்தது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வலி நிவாரணத்துக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அங்கிருந்து கேரளம் முழுக்க, தன்னார்வலர்கள் வீடு தேடிப் போகிற வழக்கம் பரவியது. அவர்களைப் போன்றவர்களின் நெடுநாள் முயற்சியில் 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிமச் சிக்கல் இளகியது. இருந்தும் மார்ஃபின் இன்றைக்கும் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில்தான் வாங்க வேண்டும்.

அம்மாவுக்குச் சின்ன அளவில் தொடங்கினார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. வலி வந்த பிறகு போடுவதல்ல, மணி அடித்தால் போடுவது. கூடவே மலமிளக்கி கட்டாயம். மார்ஃபின் குடலைத் தூங்கவைத்துவிடும். முதல் இரண்டு நாள் அசந்து கிடந்தாள். மூன்றாம் நாள் நோட்டில் ‘நாலணா’ என்று எழுதினேன். அன்று சாயங்காலம் அவளாகவே திண்ணைக்கு வந்து பிச்சிப்பூ தொடுத்தாள். புண் ஆறியதும் டாக்டர் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். அடிமையாகிவிடுவாள் என்று காத்திருந்த அண்ணன், அம்மா மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காததில் கொஞ்சம் ஏமாந்ததுபோல்கூட இருந்தான்.

மார்ஃபின் எழுதியவர் இருந்த அறையின் பலகையில் ‘பாலியேட்டிவ்’ என்று இருந்தது, அதாவது வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை. எங்கள் வார்டில் பலர் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். கைவிடப்பட்டவர்களுக்கான அறை என்று பேச்சு. ஆனால் 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் வந்த 151 பேரில் பாதிப் பேரைத் தொடக்கத்திலிருந்தே இந்த வகை டாக்டர்களும் சேர்ந்து கவனித்தார்கள். அவர்கள் மனச்சோர்வு குறைந்து, மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை தருவது உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும். கேட்காமல் வருவதில்லை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு மார்பகத்தில் புற்றுநோய், கனமான கீமோ. வீட்டில் காய்ச்சல் வந்தபோது பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் இருந்துவிட்டாள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கிற உடம்பில் கிருமி புகுந்தால் மணிக்கணக்கில் நிலைமை முற்றும். அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீட்கப் பன்னிரண்டு நாள் ஆனது. கீமோ எடுப்பவர்களுக்கு 100.4 டிகிரி தொட்டால் அது ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிதான்.

கரண்ட் முடிந்து இப்போது ஒன்றரை வருடம். பரிசோதனைகளில் இதுவரை ஒன்றுமில்லை. வாய் உலர்ந்தே இருக்கிறது, தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசல் தாண்டமாட்டாள். சிஸ்பிளாட்டின் விட்டுப்போன காது இரைச்சல் இருக்கிறது. தாடை இறுகி வாய் அகலத் திறப்பதில்லை. அதற்குப் பயிற்சி, ஐஸ் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையில் செருகி வைத்துக்கொள்வது; நாளாக நாளாக ஒரு குச்சி கூட்ட வேண்டும். நோட்டில் அணாக் கணக்கு போய் இப்போது குச்சிக் கணக்கு ஓடுகிறது. ஆறில் தொடங்கினோம். போன வாரம் அம்மா தெருமுனை டீக்கடையிலிருந்து ஒரு உளுந்தவடை வாங்கிவரச் சொல்லி, அதன் பக்கத்தில் குச்சிகளை அடுக்கி அளந்து பார்த்தாள். வடை பதினாறு குச்சி உயரம். அவள் பதின்மூன்றில் நிற்கிறாள்.