மேல்தளத்துக்கு வெள்ளையடிக்கலாம், கண்ணு பத்திரம்!



பொங்கல் வந்தாலே நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் வெள்ளையடிப்புதான். எங்க சித்தப்பாவுக்கு அதுதான் தொழில். அவரிடம் கேட்டதை எழுதுகிறேன்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸுன்னு கொதிக்கும். எட்டி நிக்கணும். ஒரு நாள் ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் உப்பும் கஞ்சியும் சேர்க்கணும். முதலில் மேல்தளம், பிறகுதான் சுவர். மாற்றிச் செய்தால் அடித்த சுவரில் சொட்டும். ஒட்டடை அடித்து, தளத்தை நனைத்து, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடிக்கணும். தடிப்பாக அடித்தால் பொரிந்து உதிரும்.

காயக் காய, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிவிடும். இதே சுண்ணாம்போடு செங்கல் பொடியான சுர்க்கி கலந்துதான் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினார். 1895-இல் திறந்தாங்க.

ஆனால் ஈரச் சுண்ணாம்பு கண்ணுக்கு எமன்! அண்ணாந்து அடிக்கும்போது சொட்டினால் பார்வையே போகலாம். அதனால் கண்ணாடி போடுங்க. பட்டுவிட்டால் கசக்காதீங்க. எண்ணெய், பால் எதுவும் விடாதீங்க. நல்ல தண்ணீரால் 20 நிமிடம் விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

வீடு வெளுக்கட்டும், கண் பிழைக்கட்டும்!