ஒருவர் பலரான கதை

கொழும்பு வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு யாழ்ப்பாணத்தவரின் புடைவைக் கடை வாசலில் நின்றால் 'வா', 'வாரும்', 'வாங்கோ' மூன்றையும் ஒரே முதலாளியின் வாயிலிருந்து கேட்கலாம். தேத்தண்ணி கொண்டுவரும் பெடியனுக்கு 'வா', அதிகம் பழகாத ஒத்த வயதுக்காரருக்கு 'வாரும்', வாடிக்கையாளருக்கு 'வாங்கோ'. சென்னைப் பேச்சில் நடுப்படி உதிர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழ் அதை இன்னும் விடவில்லை.

இந்த மூன்றில் இரண்டு, பிறப்பால் பன்மைச் சொற்கள். 'வாரும்' பலரை அழைத்த ஏவல். அதனோடு சேரும் 'நீர்', சங்கத் தமிழின் 'நீயிர்' வழி வந்தது, அதுவும் பன்மைதான். தனியொரு பெரியவரைப் பலராகப் பாவித்ததில் மரியாதை பிறந்தது. ஆனால் நாள்தோறும் புழங்கினால் மரியாதையும் தேயும். தேய்ந்ததும் மேலே ஒரு 'கள்' ஏறியது: வாரும், வாருங்கள், பேச்சில் வாங்கோ. 'அவர்' போதாமல் 'அவர்கள்' வந்ததும் இப்படித்தான். ஆக, 'வாங்கோ'வுக்குள் இரண்டு பன்மை இருக்கிறது!

தொல்காப்பியர் இதைக் கவனித்திருக்கிறார். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறிப்பட்டதன்று என்று கிளவியாக்கத்தில் ஒதுக்கி வைக்கிறார். முகம் சுளித்துக்கொண்டே அனுமதித்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

பிரெஞ்சின் 'வூ'வும் பன்மைதான். ஆங்கிலத்தின் 'யூ'வோ ஒருமையையே விழுங்கிவிட்டது. ஏன் எங்கும் பன்மை? கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமமொன்றின் தமிழையும் சான்றாகக் கொண்டு மொழியியலாளர்கள் பெனலோப்பி பிரவுனும் ஸ்டீவன் லெவின்சனும் ஒரு விளக்கம் தந்தார்கள். ஒருவரை நேராகச் சுட்டுவது அவரை நெருக்குவது. பன்மை அந்தச் சுட்டலை மங்கலாக்குகிறது. 'தாங்கள்' இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. 'தாம்' என்ற படர்க்கைச் சொல்லை முன்னிலைக்குக் கொண்டுவந்து, அதற்கும் 'கள்' பூட்டியிருக்கிறோம்.

அப்படியானால் கடவுளுக்கு எத்தனை பன்மை வேண்டும்? கொட்டாஞ்சேனைப் பக்கம் கொச்சிக்கடைக்குப் போய்க் கேளுங்கள். புனித அந்தோனியார் ஆலயத்துத் தமிழ்ச் செபங்களில் 'தாரும்', 'வேண்டிக்கொள்ளும்' என்ற 'நீர்' வரிசைதான் ஒலிக்கும். சிறிது தூரத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுப்பித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில், கைகூப்பி நிற்கும் பக்தர் 'நீயே கதி' என்கிறார். அங்கே சிவனை யாரும் 'வாங்கோ' என்று கூப்பிடுவதில்லை.