முகத்துல எண்ணெய் வழியுது, ஆனா தோல் இழுக்குதா? காரணம் இதுதான்!

காலையில் முகம் கழுவித் துடைத்த ரெண்டாவது நிமிஷமே கன்னம் இழுத்துப் பிடிக்கிறது. மதியம் மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் வழிகிறது. சாயங்காலம் செல்ஃபி எடுத்தால், முகம் களையிழந்து சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது. 'எனக்கு ஆயில் ஸ்கின்னா, டிரை ஸ்கின்னா?' என்று குழம்புகிறீர்களா? பதில் இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். உங்கள் தோலில் குறைந்திருப்பது தண்ணீர்!

வறட்சி வேற, நீரிழப்பு வேற

வறண்ட சருமம் என்பது எண்ணெய்ச் சுரப்பு குறைவாக இருக்கும் தோலின் வகை. பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. நீரிழந்த சருமம் என்பது ஒரு நிலை; யாருக்கும் வரலாம். எண்ணெய் வடியும் முகத்துக்கும் வரும். அதைச் சரியும் செய்துவிடலாம்.

தோலின் மேல் அடுக்கைச் செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இறந்த செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவில் இருக்கும் கொழுப்புப் பொருட்கள்தான் பூச்சு. இந்தப் பூச்சு கரைந்தால், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறிவிடும்.

சரி, முகம் ஏன் மங்குகிறது? பழைய செல்களை உதிர்க்கும் நொதிகள் வேலை செய்யவும் ஈரம் வேண்டும். ஈரம் இல்லையென்றால் செல்கள் உதிராமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். சொரசொரப்பான பரப்பில் வெளிச்சம் சிதறுவதால் பளபளப்பு போய்விடும். அதாவது, மங்கலாகத் தெரிந்தால் 'கறுத்துவிட்டோம்' என்று அர்த்தம் இல்லை.

'சென்னையில இவ்ளோ வேர்க்குதே, அப்புறம் எப்படி?'

நியாயமான கேள்விதான். ஆனால், வியர்வை மட்டுமே தோலின் ஈரத்தைக் காத்துவிடாது. அது ஆவியாகி உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அதோடு, நாள் முழுக்க ஏசி அறையின் உலர்ந்த காற்றில் உட்கார்ந்திருக்கிறோம். போர்வெல் உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம், சோப்புடன் சேர்ந்து தோலில் படிவாக ஒட்டிக்கொள்கிறது. கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதும் அந்தப் 'பூச்சை'க் கரைக்கும்.

நிறைய தண்ணி குடிச்சா போதுமா?

உடம்பில் நீர் குறைந்திருந்தால் குடிப்பது கட்டாயம். ஆனால், ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவர் கூடுதலாக ரெண்டு லிட்டர் குடித்தால், அது முகத்துக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. சுவரில் ஓட்டை இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

* சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது. நம் தோலோ லேசான அமிலத்தன்மை கொண்டது. அதனால் நுரை அதிகம் வராத, மென்மையான ஃபேஸ்வாஷை ஒரு நாளைக்கு ரெண்டு முறை மட்டும் பயன்படுத்துங்கள்.
* குளியல் வெதுவெதுப்பான நீரில், 10 நிமிடத்துக்குள் முடியட்டும்.
* முகத்தைத் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். கிளிசரின், ஹயலூரானிக் அமிலம் ஈரத்தை இழுத்து வைக்கும். செராமைடு 'பூச்சை'ச் சரிசெய்யும். விலை அதிகம் இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை.
* எண்ணெய் வழியும் முகமா? ஜெல் வகை மாய்ஸ்சரைசர் போதும்.
* பகலில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் புற ஊதா ஏ கதிர்கள் உள்ளே வரும்.

எலுமிச்சைச் சாறு, பேக்கிங் சோடா, சர்க்கரை ஸ்க்ரப் மூன்றும் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை தடவிய தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் வரக்கூடும்.

இந்த கிரீம் உங்க வீட்ல இருக்கா?

முகம் மங்கினால் பலர் நேராக மெடிக்கல் ஷாப் போய் 'முகத்துக்கு ஏதாவது கிரீம் குடுங்க' என்று கேட்கிறார்கள். ஆபத்து ஆரம்பிப்பதே அங்கேதான். டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் சில நாட்களில் முகம் பளிச்சென்று ஆகும். தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரியும். பரு, முடி வளர்ச்சி வரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும்; அந்த எரிச்சலுக்குப் பயந்தே மறுபடி வாங்குபவர்கள் உண்டு. இத்தகைய கிரீம்களை 2018-ல் மத்திய அரசு 'ஷெட்யூல் எச்' கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

லேபிளில் தயாரிப்பாளர் விவரம் இல்லாத 'சிவப்பழகு' கிரீம்களையும் தொடாதீர்கள். அவற்றில் பாதரசம் கலந்திருந்தால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு கிரீம் பழகிவிட்டதா? கூச்சப்பட வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டியூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு இருக்கிறது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

தோல் செல்கள் புதுப்பிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதனால் ரெண்டே நாளில் மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு மாதம் கவனித்தும் மாறவில்லையா? அரிப்பு, வெடிப்பு, முடி உதிர்வு, அதிக சோர்வு சேர்ந்து வருகிறதா? தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை என உள்ளே வேறு காரணம் இருக்கலாம். பரிசோதனை செய்துவிடுங்கள்.

உங்கள் நிறத்தில் எந்தக் கோளாறும் இல்லை. தோல் கேட்பது கொஞ்சம் ஈரம் மட்டும்தான்!