பட்டறையில் தேயும் உடம்பு

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் மீது நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்கும் மெக்கானிக்கைப் பார்த்திருப்பீர்கள். அரை நிமிடம்தான். "வால்வு இல்ல சார், டைமிங் செயின்" என்பார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கும். எஞ்சினின் அதிர்வு காற்றில் சிதறாமல், தெருச் சத்தத்தோடு குழம்பாமல், இரும்பு வழியே நேராகக் காதெலும்புக்கு வந்துவிடுகிறது. மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்புக்கு நெருங்கிய உறவு இந்த வித்தை.

காதோடு நிற்பதில்லை. டிப் ஸ்டிக்கில் வரும் ஆயிலை இரண்டு விரலுக்கிடையே தேய்த்து அதன் வயதைச் சொல்கிறார். புகையை மோந்து பார்த்து ஆயில் எரிகிறதா, பெட்ரோல் அதிகம் போகிறதா என்று கண்டுபிடிக்கிறார். டிரம்மைத் தொட்டுப் பார்த்து பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதை அறிகிறார். டேங்கில் இருந்து பெட்ரோல் எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சுகிறார். அவர் வைத்திருக்கும் கருவிகளில் மிக நுட்பமானது அவருடைய உடம்புதான். இந்தத் தொழிலின் ஆபத்தை நான் அங்கிருந்துதான் பார்க்கிறேன். பழுதைக் கண்டுபிடிக்கும் அதே காது, மூக்கு, வாய், தோல் வழியாகத்தான் பட்டறையின் நஞ்சு உள்ளே போகிறது. அவற்றில் மிக மோசமானவை அந்தப் புலன்களுக்குத் தட்டுப்படாமலேயே போகின்றன.

வாயில் தொடங்குவோம். டியூபை உறிஞ்சும்போது ஒரு வாய் பெட்ரோல் தொண்டைக்குள் போவது பட்டறையில் சாதாரணம். துப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வயிற்றுக்குள் போகும் பெட்ரோலைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. பெட்ரோல் தண்ணீரைவிட நீர்த்தது. பரப்பு இழுவிசையும் குறைவு. அதனால் சில மில்லி லிட்டர் மூச்சுக்குழாயில் இறங்கினாலே நுரையீரலின் மெல்லிய அறைகளில் படர்ந்து, அவை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் படலத்தைக் கரைத்துவிடும். சில மணி நேரம் கழித்து இருமலும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வரலாம். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வெளியே வரும் வழியில் அது மறுபடி மூச்சுக்குழாய்க்குள் போகும். கையால் அமுக்கும் சிறு பம்பு கடையில் கிடைக்கிறது. ஒவ்வொரு பட்டறையிலும் அது இருக்க வேண்டும்.

அடுத்தது தோல். சாயங்காலம் கை கழுவ பெட்ரோலைப் போல வேகமாகக் கறையெடுப்பது எதுவும் இல்லை. ஆனால் அது கிரீஸைக் கரைக்கும் அதே வேலையைத் தோலின் இயற்கைக் கொழுப்பிடமும் செய்கிறது. கொழுப்புப் போன தோல் வறண்டு வெடிக்கும். பெட்ரோலில் உள்ள பென்சீன், ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். இப்போதைய பிஎஸ்-6 பெட்ரோலில் அது கன அளவில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. வண்டி ஓட்டுபவருக்கு அது சிறிய அளவு. தினமும் அதில் கை கழுவி, கார்புரேட்டர் கழுவி, அந்த ஆவியையே மூச்சாக இழுப்பவருக்குச் சிறிய அளவு ஆகாது.

வெடித்த தோலில் அடுத்து படுவது பழைய எஞ்சின் ஆயில். டப்பாவில் இருந்து ஊற்றும்போது தேன் நிறத்தில் இருந்த ஆயில், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் கறுப்பாக வடிகிறது. எரிந்த எரிபொருளின் மிச்சங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. பல வளைய ஹைட்ரோகார்பன்கள் என்று வேதியியலில் சொல்லப்படும் அவற்றில் சில புற்றுநோயைத் தூண்டுபவை. பழைய எஞ்சின் ஆயிலைத் தொடர்ந்து தோலில் பூசியபோது ஆய்வகச் சுண்டெலிகளுக்குத் தோல் புற்றுநோய் வந்தது.

மனிதரிடமும் இதற்குப் பழைய சான்று உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்பவர்கள், சுழலும் கதிர்களில் இருந்து தெறிக்கும் கனிம எண்ணெயில் கால்சட்டை நனைய நனைய வேலை செய்தார்கள். அவர்களுக்கு விரைப்பைத் தோலில் புற்றுநோய் வருவதை 1922இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். நம் ஊர் மெக்கானிக்கின் பேன்ட் பாக்கெட்டை நினைத்துப் பாருங்கள். ஆயில் துடைத்த பனியன் வேஸ்ட் துணி காலை முதல் இரவு வரை அங்கேதான் செருகியிருக்கிறது. எண்ணெய் ஊறிய துணி தொடையோடு ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க இருப்பது, அந்த நூற்பாலைத் தொழிலாளியின் நிலைமையேதான். துணியைப் பாக்கெட்டில் வைக்காமல் ஆணியில் மாட்டுங்கள். இதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம்.

நரம்பைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 24 வயது மெக்கானிக் ஒருவருக்குக் கைகளும் கால்களும் மரத்துப் போகத் தொடங்கின. காரணம், பிரேக்கைக் கழுவ அவர் அடித்துக்கொண்டிருந்த ஸ்பிரே. அதில் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருந்தது. கல்லீரல் அதை உடைக்கும்போது உருவாகும் வேறொரு பொருள், நீண்ட நரம்புகளை முனையில் இருந்து அரிக்கிறது. அதனால்தான் விரல் நுனிகள் முதலில் மரக்கின்றன. தேடிப் பார்த்தபோது அதே தொழிலில் வேறு சிலருக்கும் அந்தப் பாதிப்பு இருந்தது. 2001இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் இதை வெளியிட்டது. விரல் நுனியால் தொழில் செய்யும் ஒருவரிடம் இருந்து விரல் நுனியையே பறிக்கிற பொருள் அது.

மூக்குக்குத் தெரியாதவை

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டுகிறது. சாதாரணக் காற்றில் உட்கார்ந்திருந்தால் ரத்தத்தில் ஏறியதில் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். 'இப்போதைய வண்டியில் கன்வெர்ட்டர் இருக்கிறதே' என்பார்கள். புகையைச் சுத்தம் செய்யும் அந்தக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். காலையில் ஷட்டரைப் பாதி திறந்துவைத்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓடவிடுகிற அந்தப் பத்து நிமிடம்தான் மோசமான நேரம். தலைவலியும் குமட்டலும் வந்தால் டீ குடிக்காததால் என்று நினைக்காதீர்கள். உடனே வெளியே வாருங்கள். டீசல் புகையைப் பற்றி ஒரே வரி போதும்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் வரிசையில் சேர்த்தது.

பிரேக் தூசியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருக்கும். கம்பிரசர் குழாயை நீட்டி ஒரு அடி அடித்தால் மேகம்போல் எழும்பி நிமிடத்தில் டிரம் பளிச்சென்று ஆகிவிடும். அந்தத் தூசி காணாமல் போகவில்லை. பட்டறைக் காற்றில் இருக்கிறது.

சூட்டைத் தாங்குவதற்காகப் பல பத்தாண்டுகள் பிரேக் லைனரிலும் கிளட்ச் பிளேட்டிலும் அஸ்பெஸ்டாஸ் சேர்த்தார்கள். 60க்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் அதைத் தோண்டுவது நின்றுவிட்டாலும் வெள்ளை அஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. கையில் இருக்கும் விலை குறைந்த லைனரில் அது இருக்கிறதா என்று பார்த்தோ தொட்டோ மோந்தோ சொல்ல முடியாது. அதன் இழைகள் நுரையீரலின் ஆழத்தில் குத்தி நின்றுவிட்டால் உடம்பால் அவற்றைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. இருமல்கூட வராது. நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள் ஆகலாம்.

இதில் ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஓடும் பிரேக்கின் உராய்வுச் சூட்டில் அஸ்பெஸ்டாஸின் பெரும்பகுதி தீங்கு குறைந்த வேறு கனிமமாக மாறிவிடுகிறது. எனவே பிரேக் வேலை மட்டும் செய்பவருக்கு ஆபத்து எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் தொடர்கிறது. புது லைனரை உப்புத்தாளில் தேய்ப்பதும் கிரைண்டரில் பிடிப்பதும்தான் அதிக இழைகளைக் கிளப்பும் என்பது தெளிவு. ஆனால் காற்றடிக்கக் கூடாது என்பதில் வாதமே இல்லை. அமெரிக்கத் தொழிலிட விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. அஸ்பெஸ்டாஸே இல்லாத தூசியிலும் இரும்பு, செம்பு உள்ளிட்ட பலவும் உண்டு. டிரம்மின் கீழே ஒரு தட்டை வைத்து, சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஈரத்துணியால் துடைத்தால் தூசி மேலே எழும்பாமல் தட்டில் வடிந்துவிடும்.

பெரும்பாலும் இந்த வேலை யாருக்குப் போகிறது? பட்டறையின் மிகச் சின்னப் பையனுக்கு. தொழில் கற்க வந்தவனுக்கு முதலில் கொடுப்பது டிரம்முக்குக் காற்றடிப்பதும் பெட்ரோலில் பாகங்களைக் கழுவுவதும்தான். மாலையில் அதே குழாயால் தன் சட்டைத் தூசியையும் அடித்துக்கொள்கிறான். நாற்பது ஆண்டுகள் கழித்து வெளிப்படும் நோய்க்கு அவன் பதினைந்து வயதிலேயே கணக்கைத் தொடங்குகிறான். இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடைபட்ட விசை

உடனே கொல்லும் ஆபத்துகள் வேறு வகை. அங்கே குற்றவாளி அழுத்தம். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி டயர் வேலை பார்ப்பவர்களுக்கு டயரை இடத்தில் பிடித்துவைக்கும் லாக் ரிங் போட்ட பழைய ரிம் நன்றாகத் தெரியும். லாரி டயரில் காற்று சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு, அதாவது 45 கிலோ அழுத்தத்தில் நிற்கிறது. 20 அங்குல ரிம்மில் ஏறிய, 40 அங்குல விட்டமுள்ள டயரின் ஒரு பக்கச் சுவரின் பரப்பு சுமார் 900 சதுர அங்குலம். பெருக்கிப் பாருங்கள்: 40 டன். துருப்பிடித்த ரிங் பள்ளத்தில் சரியாக உட்காராமல் தெறித்தால், எதிரே குனிந்து நிற்பவரின் தலை அதன் பாதையில் இருக்கிறது. கழற்றும் முன் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுவதும் இறக்க வேண்டும். ஏற்றும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான குழாய் மாட்டி, பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். டயர் மாட்டியபடியே ரிம்மில் வெல்டிங் வைப்பது இன்னும் கொடியது. சூட்டில் உள்ளே ரப்பர் வெந்து எரியும் வாயுவாகி வெடிக்கும்.

வெல்டிங் என்றதும் டேங்க் நினைவுக்கு வருகிறது. நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்கே ஆபத்தானது என்பதைப் பலர் நம்புவதில்லை. பெட்ரோல் திரவம் எரிவதில்லை, ஆவிதான் எரிகிறது. காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். அடியில் ஒரு கரண்டி மட்டும் மிஞ்சிய டேங்க் அந்தக் கலவைக்குச் சரியான பாத்திரம். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால், சர்வீஸ் குழிக்குள் இறங்கித் தேங்கவும் செய்யும். மேலே நிற்பவருக்கு வாசனையே தெரியாது.

ரேடியேட்டர் மூடியின் கதையும் அழுத்தம்தான். மூடி இறுக்கிப் பிடிப்பதால் உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் நிற்கும். திறந்த கணத்தில் அழுத்தம் போய், அது அப்படியே பொங்கி முகத்துக்கு வரும். டீசல் வண்டியில் வேறொன்று: புது எஞ்சின்களின் காமன் ரெயில் குழாயில் டீசல் 1,600 பாருக்கு மேல் பாய்கிறது, லாரி டயரில் இருப்பது 7 பார்தான். கசிவைத் தேடிக் கையால் தடவினால், ஊசி முனையளவு ஓட்டை போட்டு டீசல் சதைக்குள் இறங்கிவிடும். வலி முதலில் பெரிதாக இருக்காது. இதைக் கொசுக்கடிபோல நினைத்து வீட்டுக்குப் போனவர்கள் விரலை, சில சமயம் கையை இழந்திருக்கிறார்கள். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள், கையை வேண்டாம்.

இப்போது மின்சாரக் கார்கள் வருகின்றன. இதுவரை சொன்ன புகையும் ஆயிலும் அங்கே இல்லை. ஆனால் காதுக்குச் சத்தம் இல்லை, மூக்குக்கு வாசனையும் இல்லை. ஆரஞ்சு நிற வயரில் 300, 400 வோல்ட் நேர்மின்சாரம் ஓசையில்லாமல் நிற்கிறது. பேட்டரியைத் துண்டித்த பிறகும் உள்ளேயிருக்கும் கெபாசிட்டர்களில் சில நிமிடங்கள் மின்சாரம் தங்கியிருக்கும். 12 வோல்ட் காலத்தில் வயரை உரசிப் பொறி வருகிறதா என்று பார்த்த பழக்கத்தோடு அங்கே கை வைத்தால் இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காது. முப்பது வருட அனுபவமுள்ளவரும் இதில் புதிதாகப் பயிற்சி பெற்றே ஆக வேண்டும்.

அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்கும் சேர்த்துத் தமிழகத்தில் ஒரு நல வாரியம் இருக்கிறது. விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் ஆகியவை அதில் உண்டு. உங்கள் மெக்கானிக் அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் பதிவு செய்ய உதவுங்கள். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. "சார் வெளியில காத்துக்கிட்டிருக்காரு, சீக்கிரம் முடிடா" என்ற குரலுக்குத்தான் அந்தப் பையன் கம்பிரசர் குழாயை எடுக்கிறான். அடுத்த முறை பிரேக் வேலைக்கு வண்டியை விடும்போது, "அவசரமில்லண்ணே, காத்தடிக்க வேணாம், டிரம்மைத் தண்ணி தெளிச்சுத் தொடைச்சே மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.