தாத்தாவுக்கு வைத்த தேநீர்ச் சோதனை

எங்கள் வீடு தஞ்சோங் கிளிங்கில், கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கிறது. காலை ஆறரை மணிக்கு என் அப்பா வாசல் நாற்காலியில் வந்து உட்காருவார். அடுத்த ஐந்து நிமிடத்தில் அவருக்குத் தே வந்துவிட வேண்டும். இளமையில் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். அப்போதிருந்தே அவருக்கு ஒரு கொள்கை உண்டு: தூள் என்றால் இலங்கைத் தூள்தான், மற்றதெல்லாம் சாயத் தண்ணீர்.

சென்ற ஆண்டு மளிகைச் செலவைக் குறைக்க நினைத்த என் மனைவி, கேமரன் மலைத் தூள் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். விலை ஏறக்குறையப் பாதிதான். மூன்று நாள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் காலையில் ஒரு மிடறு குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, தூளை மாத்திட்டியா?"

"ஆமா மாமா. நாலு நாளா இதுதான்."

"அதான் பார்த்தேன். முதல் நாளே நாக்குக்குத் தெரிஞ்சிடுச்சு. சொல்ல வேணாம்னு இருந்தேன்."

படிவம் 2இல் படிக்கும் என் மகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டே கேட்டாள்: "தாத்தா, நேத்து சாயங்காலம் பிஸ்கட் தேடி அலமாரியைத் திறந்தீங்களே, அப்ப புதுப் பொட்டலம் கண்ணுல பட்டுச்சா?"

தாத்தா பதில் சொல்லவில்லை. தூள் மாறியதைக் கண்டுபிடித்தது அவருடைய நாக்கா, கண்ணா? மாதாமாதம் இரண்டு மடங்கு விலை கொடுத்து ஒரு தூளை வாங்கும் வீட்டுக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல.

இதே மாதிரியான ஒரு கேள்விதான் புள்ளியியல் வரலாற்றில் ஒரு பெரிய கதவைத் திறந்தது. 1920களில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் என்ற கணித அறிஞர் வேலை செய்துவந்தார். ஒரு நாள் தேநீர் வேளையில், பாசிகளை ஆராயும் மூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானிக்கு அவர் ஒரு கோப்பையை நீட்டினார். அவர் வாங்க மறுத்தார். முதலில் பாலை ஊற்றிப் பிறகு தேநீரை ஊற்றினால்தான் தமக்குப் பிடிக்கும், குடித்துப் பார்த்தே எது முதலில் ஊற்றப்பட்டது என்று தம்மால் சொல்ல முடியும் என்றார்.

ஃபிஷர் அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். மொத்தம் 8 கோப்பைகள். 4இல் பால் முதலில், 4இல் தேநீர் முதலில். வரிசையைக் குலுக்கலில் முடிவு செய்ய வேண்டும். 8 கோப்பைகளிலிருந்து 4ஐத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் முழுக்கச் சரியானது. ஆகவே ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட 70இல் 1 வாய்ப்புத்தான். இந்தச் சோதனையை ஃபிஷர் 1935இல் வெளிவந்த, சோதனைகளை வடிவமைப்பது பற்றிய தம் நூலில் விளக்கினார். அந்த அம்மையார் ஜெயித்தாரா, தோற்றாரா என்பதை அதில் எழுதவில்லை. எட்டையும் சரியாகச் சொன்னார் என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு.

என் மகளுக்கு இந்தக் கதை பிடித்துப்போனது. அந்தச் சனிக்கிழமையே தாத்தாவை அடுப்பங்கரை மேசைக்கு அழைத்துவந்துவிட்டாள்.

முதல் முயற்சியில் நாங்கள் கோட்டைவிட்டோம். இரண்டு தூளிலும் ஆளுக்கு ஒரு கரண்டி போட்டு, கொதிநீர் ஊற்றி, தாத்தாவின் கண்ணைத் துண்டால் கட்டி மூன்று முறை கொடுத்தோம். மூன்றையும் சரியாகச் சொன்னார். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! குவளைகளைக் கழுவும்போதுதான் மகள் கவனித்தாள்: கேமரன் தூள் போட்ட குவளையின் அடியில் மட்டும் மாவு போல் வண்டல். அந்தத் தூள் நைசானது. வடிகட்டியின் கண்ணில் புகுந்து வந்துவிட்டது. தாத்தா கண்டுபிடித்தது சுவையை அல்ல, நாக்கில் நெருடிய பொடியை. அதோடு, நைசான தூள் கரண்டியில் நெருக்கமாக அடங்கும். அதே ஒரு கரண்டியில் அதுதான் எடை கூடுதல். பள்ளியில் படிக்கிறீர்களே, தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று. நாங்கள் எதையுமே கட்டுப்படுத்தவில்லை. அந்த முடிவைத் தள்ளிவிட்டோம். தாத்தாவுக்குக் கோபம்தான்.

தேநீரை ஒப்பிடுவதற்கென்றே ஓர் அனைத்துலகத் தரம் இருக்கிறது. அதன் பெயர் ஐஎஸ்ஓ 3103, 1980இல் வெளிவந்தது. 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தூள், கொதிக்கும் நீர், மூடிவைத்து 6 நிமிடம், வெள்ளைப் பீங்கான் பாத்திரம். இதன் மூத்த சகோதரனான பிரிட்டிஷ் தரத்துக்கு 1999இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் வேலைகளுக்குத் தரப்படும் பரிசு அது. ஒரு கோப்பைத் தேநீர் போட ஆறு பக்க விதிமுறையா என்று சிரித்தார்கள். எங்கள் முதல் சனிக்கிழமைக்குப் பிறகு எனக்கு ஆறு பக்கம் போதாது என்றே தோன்றியது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 6 நிமிடம் ஊறிய தேநீர் குடித்து மகிழ்வதற்கல்ல, கடுமையாக இருக்கும். தூளில் உள்ள குறை நிறைகளெல்லாம் வெளியே வரட்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு நேரம்.

வீட்டுத் தராசு 1 கிராமுக்குக் கீழே காட்டாது என்றால் 20 கிராம் நிறுத்து, அதைப் பத்துக் குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தேநீர்ப் பொட்டணம் பயன்படுத்துபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்றில் எத்தனை கிராம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும்.

இரண்டு தூளுக்குள் அப்படி என்ன வேறுபாடு இருக்க முடியும்? பச்சைத் தேயிலை, ஊலோங், கறுப்புத் தேயிலை எல்லாம் வெவ்வேறு செடி என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாம் கமெலியா சினென்சிஸ் என்ற ஒரே இனச் செடியின் இலைதான். வாழைக்காயையோ கத்திரிக்காயையோ நறுக்கி வைத்தால் கறுத்துப்போகும், அதனால்தான் அம்மா தண்ணீரில் போட்டு வைப்பார். காற்றிலுள்ள ஆக்சிஜனும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் சேர்ந்து செய்யும் வேலை அது. தேயிலையை நசுக்கிக் காற்றில் பரப்பும்போது நடப்பதும் அதேதான். இலையிலுள்ள நிறமற்ற கேட்டக்கின்கள் ஒன்றோடொன்று இணைந்து, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து பளிச்சிடும் தியாஃபிளேவின்களாகவும், செம்பழுப்பான தியாரூபிகின்களாகவும் மாறுகின்றன. இலையைப் பறித்தவுடன் சூடுகாட்டினால் நொதி செயலிழந்துவிடும். இலை பச்சையாகவே நிற்கும். பாதி வழியில் நிறுத்தினால் ஊலோங். கடைசிவரை விட்டால் நம் வீட்டுக் கறுப்புத் தூள்.

நிலத்தின் உயரமும் சேர்ந்துகொள்கிறது. இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்டார். அங்கே இன்றும் 600 மீட்டருக்குக் கீழ், 600 முதல் 1200 வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துத்தான் தேயிலையை வகைப்படுத்துகிறார்கள். குளிர்ந்த மலையில் கொழுந்து மெல்ல வளரும், வாசம் கூடும். தாழ்நிலத் தேயிலை கறுப்பாகவும் கனமாகவும் இருக்கும். நம் நாட்டில் ஜே.ஏ. ரஸல் 1929இல் தொடங்கிய போ தோட்டம் கேமரன் மலையில் இருக்கிறது. இரு நாட்டு மலைகளிலும் அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்பது தாத்தா தனிக் கதையாகச் சொல்லும் விஷயம்.

தேநீரைக் குடித்தபின் வாய் உலர்ந்து இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கிறதே, அதைத் தமிழில் துவர்ப்பு என்கிறோம். அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம். அறிவியல் அதை இனிப்பு, கசப்பு போன்ற சுவையாகப் பார்ப்பதில்லை, தொடு உணர்வுக்கு நெருக்கமானதாகப் பார்க்கிறது. உமிழ்நீரில் வழுவழுப்பைத் தரும் புரதங்களைத் தேயிலையின் பாலிஃபீனால்கள் பிடித்துக்கொள்கின்றன. வழுவழுப்புப் போனால் நாக்கும் கன்னமும் உரசும். அந்த உரசல்தான் துவர்ப்பு. வாசத்தின் வேலையை அறிய மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். துவர்ப்பும் கசப்பும் மிஞ்சும், மற்றது காணாமல் போய்விடும். தேநீரைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் சத்தமாக உறிஞ்சுவது அந்த வாசத்தை மூக்கின் பின்பக்கம் ஏற்றத்தான். எங்கள் வீட்டில் அதற்கு மட்டும் தாத்தாவுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை முக்கோணச் சோதனைக்கு மாறினோம். மூன்று குவளை, இரண்டில் ஒரே தூள், ஒன்றில் வேறு தூள். எது தனித்து நிற்கிறது என்று சொன்னால் போதும். மூன்று குவளைகளை இப்படி அடுக்க 6 வழிகள் உண்டு. எனவே ஒரு தாயக்கட்டை போதும், விழுந்த எண்படி அடுக்கலாம். என் மனைவி அடுப்பங்கரையில் கட்டையை உருட்டி, துணியில் வடிகட்டி ஊற்றி, எழுதி வைத்துக்கொள்வார். மகள் எது எதுவென்று தெரியாமல் தூக்கி வருவாள். தெரிந்தவர் கொண்டுவந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். சாயத்தின் நிறம் வேறு என்பதால் கண்கட்டு கட்டாயம். மூன்றும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். இடையிடையே வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். கொதிநீரைப் பெரியவர்கள் ஊற்றட்டும், சோதனையைப் பகலில் வையுங்கள். இரவில் செய்தால் காஃபீன் உங்களைத் தூங்கவிடாது.

ஆறு சுற்று நடத்தினோம், தே ஓ கோசோங்காக. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. வெறும் ஊகத்தில் சொல்பவர் ஆறில் சராசரியாக இரண்டைச் சரியாகச் சொல்வார். தாத்தா ஐந்தைச் சரியாகச் சொன்னார். இது அதிர்ஷ்டமா? மொத்தம் 3×3×3×3×3×3, அதாவது 729 வகையாகப் பதில் சொல்லலாம். ஆறும் சரி என்பதற்கு ஒரே வழி. ஒன்று மட்டும் தவறு என்பதற்கு 12 வழிகள். ஐந்தோ அதற்கு மேலோ அதிர்ஷ்டத்தால் அமைய 729இல் 13 வாய்ப்பு. நூற்றில் இரண்டுக்கும் குறைவு. தாத்தாவின் நாக்கு பொய் சொல்லவில்லை. மகள் எழுந்து கைதட்டினாள்.

அப்புறம் என் மனைவி மெதுவாகக் கேட்டார்: "மாமா தினமும் குடிக்கிறது டின்பால் ஊத்தின தேதானே?"

மறுநாள் அதே ஆறு சுற்று, டின்பால் கலந்து. தாத்தா சொன்னது ஆறில் இரண்டு. ஊகத்தில் சொல்பவர் எடுக்கும் அதே இரண்டு. பாலிலுள்ள கேசின் புரதம் தேயிலையின் பாலிஃபீனால்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. உமிழ்நீரிடம் அவை போய்ச் சேர்வதற்குள் பாலிடமே மாட்டிக்கொள்கின்றன. துவர்ப்பு அடங்கிவிடுகிறது. சர்க்கரை மீதியை மூடிவிடுகிறது.

எங்கள் சோதனை எதைச் சொல்லவில்லை என்பதும் முக்கியம். இலங்கைத் தேயிலை உசத்தி என்றோ கேமரன் மலைத் தேயிலை மட்டம் என்றோ அது சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்த இரண்டு பொட்டலங்களை ஒருவரால் வேறுபடுத்த முடிந்தது, அவ்வளவுதான். பொடியின் அளவே வேறு என்பதால் ஊறும் வேகமும் வேறு. மலையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் ஒரே அளவுப் பொடியை எடுத்துச் செய்திருக்க வேண்டும்.

இப்படி ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்க்க வீட்டில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. தே ஓவில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் சட்டென்று வெளிறும். கலங்கி நீர்த்துப்போனது அல்ல; அமிலம் கூடும்போது தியாரூபிகின்களின் நிறம் குறைகிறது. அதே அளவு தண்ணீரை இன்னொரு குவளையில் ஊற்றி ஒப்பிட்டால் தெரியும். கடும் தே ஓவைக் குளிர்பெட்டியில் வைத்தால் கலங்கிப்போகும்: காஃபீனும் தியாஃபிளேவின்களும் சேர்ந்து குளிரில் கரையாமல் பிரிகின்றன, சூடாக்கினால் மறுபடி தெளியும். விடுமுறையில் கேமரன் மலைக்குப் போகிறவர்கள் நம் வீட்டுத் தூளையே எடுத்துச் சென்று போட்டுப் பாருங்கள். தஞ்சோங் கிளிங் கடல்மட்டத்தில் இருக்கிறது, தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் 95 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது. ஒரே தூள், ஒரே 6 நிமிடம், ஆனால் ஒரே தேநீர் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, முக்கியமாக மாணவிகளுக்கு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேநீர் தடுக்கும். சாப்பிட்ட கையோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு டின்கள் இருக்கின்றன. காலையில் அப்பாவுக்கு இலங்கைத் தூளில் தே ஓ கோசோங். மாலையில் எல்லாருக்கும் கேமரன் தூளில் பால் தே. இலங்கைப் பொட்டலம் இரண்டு மாதம் வருகிறது. அடுத்த சனிக்கிழமை என் மனைவியின் முறை: குழாய்த் தண்ணீரைவிட வடிகட்டி மாட்டிய தண்ணீரில்தான் தே ருசியாக இருக்கிறது என்று அவர் வெகுநாளாகச் சொல்லிவருகிறார். தாயக்கட்டையை உருட்டப்போவது தாத்தா.