படைக்குக் கண்ட களிம்பையும் பூசாதீர்கள்!



பால்மரக் காட்டிலும் செம்பனையிலும் வேர்வையில் நனைந்து உழைக்கும் நமக்குத் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் படை வருவது புதிதல்ல. "சும்மா சொறிதானே, ஒரு களிம்பு வாங்கிப் பூசினா போகுது" என்று இருந்துவிடுகிறோம். இனி அப்படி இருக்க முடியாது.

படை என்பது பூஞ்சைக் கிருமியால் வருவது. அதற்கு டெர்பினாபின் என்னும் மருந்து பல ஆண்டுகளாகக் கைகொடுத்து வந்தது. இம்மருந்துக்கு அடங்காத ஒரு கிருமிக்கு, 2020-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் டிரைக்கோபைட்டான் இன்டோடினியே என்று பெயரிட்டார்கள். இந்தியாவில் மிகுதியாகப் பரவிய இக்கிருமி, 2023-ல் அமெரிக்காவின் நியூயார்க்கில் இருவரிடம் இருந்ததாக அறிவிக்கப்பட்டது.

இது பரவ ஒரு முக்கியக் காரணம், ஸ்டிராய்டு கலந்த களிம்புகள் என்று தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். பூசியதும் அரிப்பு அடங்கும்; ஆனால் கிருமி சாகாது. தோலின் எதிர்ப்புச் சக்தி குறைவதால் உள்ளே பரவும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். இந்தியா போய்வரும் உறவினர் கொண்டுவரும் களிம்பானாலும், இரவுச் சந்தையில் வாங்கியதானாலும் யோசித்துத் தொடுங்கள். நம் நாட்டில் பதிவான மருந்தில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண் இருக்கும்.

செய்ய வேண்டியவை:

1. இரண்டு, மூன்று வாரம் மருந்து பூசியும் படை குறையாவிட்டால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். முன்பு பூசிய களிம்பையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.

2. டாக்டர் தோலைச் சுரண்டிச் சோதிக்கலாம். டெர்பினாபின் பலிக்காவிட்டால் இட்ராகோனசோல் மாத்திரை தரலாம். பல வாரம் சாப்பிட வேண்டி வரும். இருதயக் கோளாறு, கர்ப்பம், வேறு மாத்திரைகள் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சொந்தமாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

3. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை தொடருங்கள்.

4. வேலை முடிந்ததும் குளித்து, இடுக்குகளை நன்றாகத் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணி உடுத்துங்கள். துண்டு, கைலி, உள்ளாடை ஆளுக்கு ஆள் தனி. துவைத்து வெயிலில் காயப் போடுங்கள்.

5. வீட்டில் வேறு யாருக்காவது படை இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே வைத்தியம் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் மற்றவரிடமிருந்து மறுபடி ஒட்டும்.

இடுக்கில் வந்த நோயைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். உழைக்கும் உடம்புக்கு வருவதுதான். தள்ளிப்போட்டால் நடப்பதும் குனிவதும் சிரமமாகி, நாள் சம்பளமும் போகும். சீக்கிரம் காட்டுங்கள்.